ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு "இது நமக்குச் சரிவருமா?" என்று யோசிப்பவர்களுக்கு

பி.காம் முடித்து ஆடிட்டர் ஆபீஸிலோ கம்பெனி அக்கவுன்ட்ஸிலோ சேர்ந்து, ஒன்றிரண்டு வருஷத்திலேயே "வேற ஏதாவது படிச்சிருக்கலாமோ" என்று மனசு அரிக்க ஆரம்பித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் காஸ்டிங் (ஒரு பொருளைச் செய்ய என்ன செலவாகும் என்று கணக்குப் போடுகிற வேலை) பார்க்கிறேன். அதற்கு முன் கோவையில் ஆர்டிகிள்ஷிப், அதாவது சிஏ படிக்கிறவர்கள் ஆடிட்டரிடம் பார்க்கும் பயிற்சி வேலை. சிஏ இன்டரில் (நடுக்கட்டத் தேர்வு) இரண்டு குரூப்பில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, வேலை பார்த்தபடியே சிஎம்ஏ (காஸ்ட் அக்கவுன்டன்ட் படிப்பு) முடித்தவள். சொந்தத்தில் யார் வீட்டுப் பிள்ளை காமர்ஸ் எடுத்தாலும், கொஞ்ச நாளில் என் நம்பர் அந்தப் பிள்ளையின் போனில் ஏறிவிடும். அப்படி வந்த பேச்சுகளிலிருந்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். அப்படி என்னிடம் பேசியவர்களில் பாதிப் பேர் இன்னும் கணக்கு வேலையில்தான் இருக்கிறார்கள், ஆனால் வேறு நாற்காலியில். மீதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். இரண்டுமே நல்ல முடிவுதான்.

தேதியைப் பார்த்துவிட்டு யோசியுங்கள்

இந்த வேலையில் வெறுப்புக்கும் காலண்டர் உண்டு. 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்து வைத்த வருமானவரி) கட்ட வேண்டும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, விற்ற பில்களின் பட்டியல். 14ஆம் தேதி 2பி (சப்ளையர்கள் ஏற்றிய கொள்முதல் பில்களின் பட்டியல்) வந்துவிடும். பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு ஒப்பிட உட்கார வேண்டும். 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20ஆம் தேதி 3பி, அந்த மாத ஜிஎஸ்டியைக் கட்டிப் போடுகிற ரிட்டன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டன் போடுகிற சின்ன கிளையன்ட் என்றால் நம் மாநிலத்துக்கு 22. கிளையன்டோ 19ஆம் தேதி சாயங்காலம்தான் மஞ்சப்பையில் பில்லைத் திணித்துக்கொண்டு வருவார், "தம்பி, இதையும் கொஞ்சம் சேத்திருங்க" என்று. இது மாதக் கணக்கு. வருஷக் கணக்கு தனி. ஏப்ரல் முதல் வாரம் பேங்க் பிராஞ்ச் ஆடிட், ஆடி ஆவணியில் ரிட்டன், செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட்.

அதனால் 18ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் போயிடலாம்" என்று தோன்றினால் அதை நம்ப வேண்டாம். அது அசதி. செப்டம்பரில் தோன்றினால் அது ஊரில் உள்ள அத்தனை ஆடிட்டர் ஆபீஸிலும் அன்றைக்குத் தோன்றியதுதான். 25, 26 தேதிகளில் கவனியுங்கள். ஆபீஸ் சும்மா இருக்கிறது, சார் வெளியூர் போய்விட்டார், டீ குடித்துவிட்டு நிதானமாக ஒரு பேலன்ஸ் ஷீட்டைப் புரட்ட நேரம் இருக்கிறது. அப்போதும் காலையில் செருப்பு மாட்டும்போதே வயிற்றைப் பிசைகிறதா? அப்படியானால் இதை உட்கார்ந்து யோசிக்கத்தான் வேண்டும்.

எது கசக்கிறது என்று பிரியுங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். "அக்கா, எனக்கு அக்கவுன்ட்ஸே வராதுங்க." போன வாரம் முழுக்க என்ன செய்தாய் என்று கேட்டேன். "வவுச்சர்ல டிக் அடிச்சேன், ஜெராக்ஸ் எடுத்தேன், கார்ப்பரேஷன் ஆபீஸ்ல சாரோட வீட்டு வரி கட்டினேன், பேங்க்ல ஸ்டேட்மென்ட் வாங்கப் போய் நின்னேன்." "இதுல அக்கவுன்ட்ஸ் எங்க கண்ணு இருக்குது?" என்றேன். அவன் சிரித்துவிட்டான். அவனுக்குக் கசந்தது அந்த ஆபீஸ். கணக்கை அவன் இன்னும் தொடவே இல்லை.

கசப்பு நாலு இடத்திலிருந்து வரலாம்: வேலை, ஆபீஸ், பரிட்சை, சம்பளம். நாலும் ஒன்றாகக் குழைந்து "எனக்கு இது செட் ஆகல" என்ற ஒரே வாக்கியமாக வெளியே வரும். பிரிப்பதற்கு நான் சொல்லுகிற வழி சாதாரணமானது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு முழு மாதம், அதாவது ஒரு 3பி-யிலிருந்து அடுத்த 3பி வரை, தினம் சாயங்காலம் அன்றைக்குச் செய்த வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சுமாராக எவ்வளவு நேரம் ஆனது, அப்போது மணியைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்களா அல்லது மணி போனதே தெரியவில்லையா என்று குறியுங்கள். "பிடித்தது", "பிடிக்கவில்லை" என்று எழுதாதீர்கள். அந்தச் சொற்களுக்குள் சார் திட்டியது, பஸ் லேட் ஆனது எல்லாம் புகுந்துவிடும். மணி பார்த்தேனா இல்லையா என்பதில் பொய் வராது.

மாதக் கடைசியில் புரட்டினால் ஆச்சரியமாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு ரிட்டன் வேலை முழுக்க "மணி பார்த்தேன்". ஆனால் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஸ்டாக் எடுக்கப் போன இரண்டு நாளும் மணி தெரியவில்லை. இடத்தை விட்டு எழுந்து நடந்து, மூட்டையை எண்ணி, குடோன்காரரிடம் பேச்சுக் கொடுக்கிற வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. இப்போது ஒரு பெரிய கம்பெனியில் இன்டர்னல் ஆடிட்டில் ஊர் ஊராகச் சுற்றுகிறாள்.

பரிட்சைக் கசப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. சிஏவில் ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப்பின் மொத்தத்தில் பாதி, இரண்டும் வேண்டும். இன்டரில் இப்போது குரூப்புக்கு மூன்று பேப்பர். 62, 58, 38 என்று வாங்கினால் கூட்டுத்தொகை 158, பாதிக்கு மேல், ஆனாலும் ஃபெயில். மூன்றிலும் 45 வாங்கினாலும் ஃபெயில். முதலில் சொன்ன அந்த 62க்கு மட்டும் விலக்கு கிடைக்கும், அந்தப் பேப்பரை மறுபடி எழுத வேண்டாம். இப்படி இரண்டு முறை ஆனதும் "எனக்கு மூளை இல்லை" என்று முடிவுகட்டி விடுகிறார்கள். பரிட்சையில் தேறாதவர்களில் வேலையில் கெட்டிக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு நேர்மாறான ஆட்களையும் பார்த்திருக்கிறேன். இன்டர் பரிட்சை 2024 முதல் வருஷத்துக்கு மூன்று தடவை வருகிறது. அதில் ஒரு நல்லது உண்டு, ஒரு கெடுதலும் உண்டு. எப்போதும் "அடுத்த அட்டெம்ப்ட்" கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் நிறுத்துவதற்கான நாள் என்று ஒன்று வராமலே போய்விடும். எத்தனை அட்டெம்ப்ட், எந்த மாதம் வரை என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை உங்கள் மேல் கொஞ்சமும் பாசம் காட்டாத ஒரு சினேகிதியிடம் கொடுத்து வையுங்கள்.

ஆபீஸ் கசப்பென்றால் ஆபீஸை மாற்றுங்கள், அவ்வளவுதான். ஆர்டிகிள்ஷிப்பில் இருப்பவர்களுக்கு அது நினைத்தபடி முடியாது. மாறுவதற்கு விதிகள் உண்டு, பாதியில் விலகுவதற்கான படிவம் 109 உண்டு, சாரின் கையெழுத்தும் வேண்டும். புது முறையில் ஆர்டிகிள்ஷிப்பே இரண்டு வருஷம்தான் என்பதால், பாதி தாண்டிவிட்டவர்களிடம் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடு என்றுதான் சொல்வேன். அடிக்கிறார்கள், அசிங்கமாகப் பேசுகிறார்கள் என்றால் அது வேறு கதை. அங்கே ஒரு நாள்கூட இருக்கத் தேவையில்லை.

சம்பளக் கசப்பு நியாயமானது. ஸ்டைபண்டில் பஸ்ஸுக்கும் மெஸ்ஸுக்கும் கொடுத்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. அதற்காகத் துறையை எடைபோடாதீர்கள். கற்றுக்கொள்ளும் காலத்துச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் டாக்டர், வக்கீல் வேலைகளும் மோசமாகத்தான் தெரியும்.

ஒன்பதால் வகுபடுகிறதா?

நோட்டு தவிர இன்னொரு சோதனையும் வைத்திருக்கிறேன். ட்ரயல் பேலன்ஸில் (பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) 180 ரூபாய் இடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்குப்பிள்ளைகள் முதலில் அதை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். மீதமில்லாமல் வகுபட்டால் யாரோ இலக்கத்தை இடம் மாற்றிப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம்: 5,640 என்பதை 5,460 என்று. அதிலும் கிடைக்கவில்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, 90 ரூபாய் என்ட்ரி ஏதாவது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா என்று தேடுவார்கள். டாலி மென்பொருள் வந்த பிறகு ட்ரயல் பேலன்ஸ் தானாகவே பொருந்திவிடும் என்பதால் இதை இப்போது யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் பேங்க் ரீகன்சிலியேஷனிலும் (நம் கணக்கை பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒப்பிடுவது), கிளையன்ட் கொடுத்த பேலன்ஸை சப்ளையர் பேலன்ஸோடு ஒப்பிடும்போதும் இன்றைக்கும் கை கொடுக்கும்.

இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது? "அட, ஏன் ஒன்பது?" என்று ஒரு நொடியாவது மனசு நின்றதா? நின்றிருந்தால் கணக்கு உங்களை விடவில்லை. வேலை வகைதான் மாற வேண்டும். கண் அந்தப் பத்தியைத் தாவிக்கொண்டு கீழே ஓடியிருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் கவனிக்க வேண்டிய சேதி.

அதே வீட்டில் வேறு அறைகள்

ஆடிட்டர் ஆபீஸ்தான் கணக்கு வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். அது வாசல் திண்ணை மட்டும். எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது காஸ்டிங் என்பதால் அதையே எடுத்துக் காட்டுகிறேன்.

ஒரு பையர் ஆண்கள் டி-ஷர்ட் கேட்கிறார்: 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி, 10,000 பீஸ். ஒரு பீஸுக்குத் துணி எவ்வளவு? உடம்பு நீளம் 70 செ.மீ., கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10, ஆகமொத்தம் 102. அரை மார்பு 52, அதற்குத் தையல் விடுப்பு 4, ஆக 56. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டால் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கி, 10,000ஆல் (ஒரு சதுர மீட்டரில் அத்தனை சதுர செ.மீ.; பீஸ் எண்ணிக்கை இல்லை) வகுத்தால் 205.6 கிராம் வரும். கட்டிங் வேஸ்ட் அது இது என்று பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 226 கிராம். இதன் மேல்தான் நூல் விலை, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், தையல் கூலி, பட்டன், லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் ஏறும்.

இப்போது சாயப்பட்டறையிலிருந்து துணி வருகிறது, 180க்குப் பதில் 190 ஜிஎஸ்எம். தொட்டுப் பார்த்தால் நன்றாக இருக்கும், பையரும் சந்தோஷப்படுவார். ஆனால் பீஸுக்கு 226 கிராம் 239 ஆகிவிட்டது. 10,000 பீஸுக்குச் சுமார் 125 கிலோ துணி கூடுதலாகப் போயிற்று. பையர் பீஸுக்குத்தான் காசு தருவார்; நாம் கிலோவுக்குக் கொடுக்கிறோம். அக்கவுன்ட்ஸில் இருப்பவருக்கு இது மார்ச் கழிந்து "லாபம் குறைந்திருக்கிறது" என்று ஒரு வரியாகத் தெரியும். காஸ்டிங்கில் இருப்பவள் அன்றைக்கே துணி வெட்டும் மேசைக்குப் போய் வட்டக் கட்டரில் ஒரு துண்டை வெட்டி, தராசில் போட்டு, "அண்ணா, கட்டிங்கை நிறுத்துங்க" என்று சொல்லலாம். அதே கூட்டல் பெருக்கல்தான். ஒன்று நடந்து முடிந்ததை எழுதுகிறது, இன்னொன்று நடக்கும்போதே கையைப் பிடிக்கிறது. ஆடிட்டர் ஆபீஸில் "எல்லாம் முடிஞ்ச கதையைத்தான் எழுதிட்டிருக்கோம்" என்று புழுங்குகிறவர்களுக்கு இந்த அறையைக் காட்டுவேன். பட்டதாரிகள் சிஎம்ஏவில் ஃபவுண்டேஷன் என்ற முதல்கட்டத் தேர்வு இல்லாமல் நேரே இன்டரில் சேரலாம். பரிட்சை ஜூனிலும் டிசம்பரிலும். இன்டரில் எட்டு பேப்பர், ஃபைனலில் எட்டு. சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏற்றுமதி டாக்குமென்டேஷன் இன்னொன்று: ஷிப்பிங் பில், எல்சி (பணம் தருவதாக பையரின் பேங்க் கொடுக்கும் உறுதி), பேங்கில் பணம் வந்த சான்று, ஜிஎஸ்டி ரீஃபண்ட். ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு கப்பல் நிற்கிறது என்பதால் சலிப்பு குறைவு, பதற்றம் அதிகம்.

சென்னை ஓஎம்ஆர் பக்கம், கோவையிலும்கூட, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கான ஃபைனான்ஸ் மையங்கள் இருக்கின்றன. ஒருவர் சப்ளையர் பில் மட்டும் பார்ப்பார், ஒருவர் வசூல் மட்டும், ஒருவர் மாத முடிவுக் கணக்கு மட்டும். சம்பளம் ஆடிட்டர் ஆபீஸைவிட நன்றாக இருக்கும், சனி ஞாயிறு பெரும்பாலும் லீவு, பிஎஃப் ஒழுங்காகப் பிடிப்பார்கள். குறை என்னவென்றால், மூன்று வருஷம் கழித்தும் ஒரு முழு பேலன்ஸ் ஷீட்டைத் தனியாகப் போடத் தெரியாமல் இருந்துவிடலாம். அமெரிக்க நேரத்துக்கு வேலை என்றால் தூக்கம் போகும். போவதென்றால் மாத முடிவுக் கணக்கு வேலைக்கே கேட்டுப் போங்கள், பில் ஏற்றுகிற வேலைக்கு வேண்டாம். பில்லைப் படித்துத் தானாகவே ஏற்றுகிற மென்பொருள் வந்துவிட்டது. நம் ஊரிலேயே வருஷம் 5 கோடிக்கு மேல் வியாபாரம் செய்கிறவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். பில் விவரம் நேரே போர்ட்டலில் போய் உட்கார்ந்துவிடுகிறது. என்ட்ரி போடுகிற வேலை சுருங்கும், போட்ட என்ட்ரி சரியா என்று கேட்கிற வேலை சுருங்காது.

பக்கத்துத் தெருக்கள்

ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தால் மற்றவர்கள் முகம் சுருங்கும்போது உங்களுக்கு மட்டும் சுறுசுறுப்பு வருகிறதா, பதில் எழுத ஆசையாக இருக்கிறதா? மூன்று வருஷ எல்எல்பி பற்றி யோசியுங்கள். எந்தப் பட்டத்துக்குப் பிறகும் படிக்கலாம். ஜிஎஸ்டி 2017 ஜூலையில் வந்ததிலிருந்து வழக்குக்குக் குறைவில்லை, லெட்ஜர் படிக்கத் தெரிந்த வக்கீல்தான் குறைவு.

எக்ஸெல்லில் பிவட் போட்டு விளையாடுவதுதான் நாளின் நல்ல பகுதி என்றால் பவர் குவெரி, எஸ்க்யூஎல், பவர் பிஐ மாதிரி டேட்டா கருவிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். மாதாமாதம் நீங்கள் கையால் செய்யும் 2பி ஒப்பீட்டையே முதல் வீட்டுப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் "023/24-25" என்று இருக்கும் பில் நம்பர் போர்ட்டலில் "23" என்று இருக்கும். இந்த இரண்டும் ஒன்று என்று கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்க முடிந்தால், இன்டர்வியூவில் காட்ட உங்கள் கையில் ஒரு பொருள் இருக்கிறது. எந்தச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது.

சாப் ஃபைகோ (பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் சாப் மென்பொருளின் கணக்குப் பகுதி) பற்றிக் கேட்காதவர் இல்லை. நல்ல வேலைதான். ஆனால் ஒரு கம்பெனியில் சாப் மென்பொருளில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போவது ஒரு பாதை, ஒன்றும் தெரியாமல் இன்ஸ்டிட்யூட்டில் பணம் கட்டிவிட்டுப் போவது வேறு பாதை. முதல் பாதையில் போனவர்களைத்தான் நிலைத்து நின்று பார்த்திருக்கிறேன்.

அரசு வேலை என்றால் டிஎன்பிஎஸ்சி குரூப் 2, 2ஏ; மத்திய அரசு வேலைகளுக்கு எஸ்எஸ்சி நடத்தும் சிஜிஎல் தேர்வில் ஆடிட்டர், அக்கவுன்டன்ட், வருமானவரி இன்ஸ்பெக்டர் பதவிகள். வங்கிகளுக்கான ஐபிபிஎஸ் தேர்வில் பொதுப் பிரிவுக்கு கிளார்க் 28, ஆபீசர் 30 என்று வயது வரம்பு, ஓபிசிக்கு மூன்று வருஷம், எஸ்சி, எஸ்டிக்கு ஐந்து வருஷம் தளர்வு. அதனால் பேங்க் பரிட்சையும் ஒரு யோசனை என்றால் அதை முதலில் எழுதுங்கள். சிஏ ஃபைனலும் டிஎன்பிஎஸ்சியும் ஒரே நேரத்தில் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இரண்டுக்கும் தேவையான படிப்பு வேறு, படிக்கும் மூளையும் வேறு.

வாத்தியார் வேலை ஆசை இருந்தால் பள்ளிக்கு எம்.காமும் பி.எட்டும், கல்லூரிக்கு எம்.காமோடு நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. ஜூனியருக்கு டாலி சொல்லித் தரும்போது உங்கள் பொறுமை எப்படி இருந்தது என்பதே போதுமான தேர்வு.

கணக்கை முழுக்க விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆர்டிகிள்ஷிப்பை விட்டுவிட்டு நர்சரி போட்டார், செடி விற்கிறார். நாற்று ஒன்றுக்கு என்ன விலை விழுகிறது என்று எழுதி வைத்திருக்கும் ஒரே நர்சரிக்காரர் அவர்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

எந்தப் புது வழியென்றாலும், ஏற்கெனவே அதில் வேலை பார்க்கிற மூன்று பேரிடமாவது பேசுங்கள். "ஜாப் எப்படிங்க இருக்குது?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்குது" என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "நேத்து காலையில ஆபீஸ் போனதிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். நாள் எப்படிப் போகிறது என்பது அப்படியே வெளியே வந்துவிடும். அப்புறம் "இந்த வேலைக்கு வந்து விட்டுட்டுப் போனவங்க யாராவது இருக்காங்களா, அவங்க நம்பர் கிடைக்குமா?" என்றும் கேளுங்கள். விட்டுப் போனவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டாலும் மீதிப் பாதி உபயோகமானது.

கோர்ஸ் விற்கிறவர்கள் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. "ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். கம்பெனிகள் பின்னணி சரிபார்க்கும்போது பிஎஃப் கணக்கைப் பார்க்கின்றன. எந்த மாதம் எந்த முதலாளி பணம் கட்டினார் என்று யுஏஎன் என்ற உங்கள் பிஎஃப் நம்பருக்குள் வரிசையாக இருக்கும். இல்லாத கம்பெனி அதில் இருக்காது. வேலை போவதோடு நிற்காது, பெயரும் போகும்.

காசு விஷயத்தில் என் கணக்கு: உங்கள் பங்காக வீட்டுக்குப் போகிற தொகை எதுவோ, அதை ஆறு மாதத்துக்குச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வேலையை விட வேண்டும். சேர்க்க முடியாதா? வேலையில் இருந்தபடியே படியுங்கள். நகையை அடகு வைத்து கோர்ஸ் சேராதீர்கள். வட்டி ஓடுகிற நெருக்கடியில் கிடைத்த முதல் வேலையில் விழுந்துவிடுவீர்கள், அது பழையபடி பில் ஏற்றுகிற வேலையாகத்தான் இருக்கும்.

வீட்டில் எப்படிச் சொல்வது

"பிடிக்கலை" என்று மட்டும் போய் நிற்காதீர்கள். தறிப்பட்டறையிலோ மளிகைக் கடையிலோ முப்பது வருஷம் நின்ற அப்பாவுக்கு அந்தச் சொல் காதில் ஏறாது. அவர் பிடித்துப் போயா நின்றார்? ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன செய்யப் போகிறேன், எத்தனை மாதம், எவ்வளவு செலவு, அந்தப் பணம் எங்கிருந்து, நடக்கவில்லையென்றால் எந்த மாதம் திரும்பி அக்கவுன்ட்ஸ் வேலைக்கே வருவேன். அந்தக் கடைசி வரிதான் அவர்களுக்குத் தூக்கம் கொடுக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்து படிக்கிறேன் என்று சொன்ன மறுவாரமே ஜாதகத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். நீங்கள் அதற்குத் தயாரில்லை என்றால், சின்ன வேலையானாலும் காலையில் கிளம்பிப் போகிற வேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். வீட்டோடு இருக்கிறவளின் படிப்பை யாரும் வேலையாக எண்ணுவதில்லை. இது நியாயமில்லை, ஆனால் நடைமுறை.

அம்மாவிடம் முதலில் சொல்வதா அப்பாவிடமா என்பது உங்கள் வீட்டு அரசியல். நான் தலையிடவில்லை.

கிளம்புகிற விதம்

மாதத்தின் 23ஆம் தேதிக்குப் பிறகு பேசுங்கள். செப்டம்பரில் பேசாதீர்கள். சாரிடம் நேரில் போய், கதவைச் சாத்திவிட்டு, "சார், ரெண்டு மாசத்துல கிளம்பலாம்னு இருக்கேன், அதுக்குள்ள கையில இருக்கறதை எல்லாம் ஒப்படைச்சிடறேன்" என்று சொன்னால் பெரும்பாலான ஆடிட்டர்கள் நல்லவிதமாகவே அனுப்புவார்கள். வாட்ஸ்அப்பில் சொன்னால் அவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒப்படைப்பதை எக்ஸெல்லில் போடுங்கள். கிளையன்ட் பெயர், எந்த மாதம் வரை என்ட்ரி முடிந்தது, எந்த நோட்டீஸுக்குப் பதில் பாக்கி, யாருடைய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எந்த டிராயரில் இருக்கிறது. டோக்கன்களைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். போர்ட்டல் பாஸ்வேர்டுகள் உங்கள் போனில் இருந்தால், அவரெதிரிலேயே அழித்துவிடுங்கள். ஓடிபி போகும் நம்பராக உங்கள் நம்பரைக் கொடுத்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது வேலையில் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்திருக்கும்போது யாருடைய 3பிக்கோ ஓடிபி கேட்டுப் போன் வரும். கிளையன்ட் டேட்டா எதையும் பென் டிரைவில் எடுத்துப் போகாதீர்கள், "மாடல் ஃபார்மேட்டுக்காக" என்றாலும்.

சில இடங்களில் சேரும்போதே ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எந்த ஆபீஸானாலும் கொடுக்காதீர்கள், நகல் போதும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் கிளம்புகிற பேச்சை எடுப்பதற்கு முன், வேறு ஏதாவது காரணம் சொல்லித் திரும்ப வாங்கிவிடுங்கள். ஆர்டிகிள்ஷிப் முடித்திருந்தால் படிவம் 108, பாதியில் என்றால் 109, கையில் வந்த பிறகே கடைசி நாள். கம்பெனி என்றால் ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. பழைய யுஏஎன் நம்பரையே புது இடத்தில் கொடுங்கள், புதிதாக ஒன்று வாங்காதீர்கள்.

புது இடத்தில் "ஏன் அக்கவுன்ட்ஸை விட்டீங்க?" என்று கட்டாயம் கேட்பார்கள். பழைய ஆபீஸைக் குறை சொல்ல வேண்டாம். அந்த நாற்பது பக்க நோட்டில் மணி போனது தெரியாமல் செய்த வேலை எதுவோ, அதை ஒரு உதாரணத்தோடு சொல்லுங்கள். "ஸ்டாக் எடுக்கப் போனப்ப நூல் மூட்டை கணக்குல நாலு மூட்டை இடிச்சுது, எங்கன்னு கண்டுபிடிச்சது நான்தான்" என்கிற மாதிரி. மேலே கேட்டால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதைச் சொல்லத் தயாராக இருங்கள்; கண்டிப்பாகக் கேட்பார்கள்.